பணத்தைப் பறிக்கும் எண்ணும், படியைத் தரும் எண்ணும்

பம்பாய்த் தொழிலாளியின் வாழ்க்கையில் இரண்டு எண்களுக்குப் பெரிய இடம் உண்டு. ஒன்று, மட்காவில் விழும் எண். மற்றொன்று, விலைவாசிக் குறியீட்டெண். ஆலைச் சங்கு ஒலித்த காலத்தில் முதல் எண்ணைத் தெரியாத தொழிலாளி அபூர்வம். இரண்டாவது எண்ணைத் தெரிந்தவர் அதைவிட அபூர்வம்!

ஆனால், முதல் எண் தொழிலாளியின் சட்டைப் பையைக் காலி செய்தது. இரண்டாவது எண்தான் அவருக்குச் சேர வேண்டிய பஞ்சப்படியை நிர்ணயித்தது.

பருத்தி விலையில் பிறந்த சூது

மட்காவின் பிறப்பே வேடிக்கையானது. நியூயார்க் பருத்திச் சந்தையின் ஆரம்ப விலையும் முடிவு விலையும் அந்நாளில் தந்தி மூலம் பம்பாய் பருத்திச் சந்தைக்கு வரும். அந்த விலையில் உள்ள எண்களின் மீது பந்தயம் கட்டினார்கள். 1961-ம் ஆண்டில் அது நின்றது. 1962-ல் கல்யாண்ஜி பகத் என்பவர் வொர்லியில் மட்காவைத் தொடங்கினார். 1964-ல் ரத்தன் கத்ரி 'நியூ வொர்லி மட்கா'வைக் கொண்டுவந்தார். மட்கா என்றால் பானை. எண் எழுதிய சீட்டுகளைப் பானையில் போட்டு எடுத்ததால் வந்த பெயர் அது.

பிறகு சீட்டுக்கட்டு வந்தது. மூன்று சீட்டு எடுத்து, எண்களைக் கூட்டி, கடைசி இலக்கத்தைச் சொன்னால் அது 'ஓப்பன்'. மறுபடி மூன்று சீட்டு எடுத்தால் 'குளோஸ்'. இரண்டும் சேர்ந்தால் 'ஜோடி'. பலர் பார்க்கச் சீட்டு எடுக்கப்பட்டது. அதனால் ஆட்டத்தில் நாணயம் இருப்பதாக மக்கள் நம்பினார்கள்.

சீட்டு எடுத்ததில் நாணயம் இருந்திருக்கலாம். கணக்கில்?

பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து எண்கள். பத்துக்கும் தலா ஒரு ரூபாய் கட்டினால் பத்து ரூபாய் போகும். எந்த எண் விழுந்தாலும் வழக்கமாகத் திரும்பி வருவது ஒன்பது ரூபாய்தான். ஜோடிக்கு நூறு ரூபாய் கட்டினால் தொண்ணூறு. யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. தினந்தோறும் ஆடினால், கூலியில் என்ன மிஞ்சும்?

தாராளம் செய்த விளம்பரம்

ஜெயித்தவர் கை தாராளமாகத் திறக்கும். நண்பர்களுக்கெல்லாம் டீ, பன். குழந்தைகளுக்கு மிட்டாய். அன்றைக்குச் சால் முழுவதும் அதே பேச்சு. தோற்றவரோ வாய் திறப்பதில்லை. யாரிடமாவது கைமாற்று வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவார். ஆக, ஊர் முழுவதும் பரவுவது வெற்றிச் செய்தி மட்டுமே. எண்ணிக்கையில் அதிகமான தோல்வி யார் காதிலும் விழுவதில்லை. இதுவும் ஒரு பொய்ப் புள்ளிவிவரம்தான் அல்லவா?

மட்கா பிற்பாடு கைபேசிக்குள்ளும் நுழைந்தது. 2025-ல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. சட்டம் மாறினாலும் கணக்கு மாறவில்லை.

கூடைக்குள் இருக்கும் கூலி

இனி இரண்டாவது எண். பம்பாயில் தொழிலாளர் அலுவலகம் 1921-ல் ஏற்பட்டது. வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்ணை அது வெளியிட்டு வந்தது. இன்று மத்திய அரசின் தொழிலாளர் அமைப்பான 'லேபர் பீரோ' மாதந்தோறும் குறியீட்டெண்ணை வெளியிடுகிறது. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை மாறுவதும் இதை வைத்துத்தான்.

வேலை எளிதானது. தொழிலாளர் குடும்பங்கள் எதெதற்குச் செலவிடுகின்றன என்று கேட்டு ஒரு கூடை தயாராகிறது. அந்தக் கூடையின் விலை ஏறினால் குறியீடு ஏறும். 2016-ம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட வரிசையில் மும்பை உள்பட 88 மையங்கள் உள்ளன. வீட்டு வாடகை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கப்படுகிறது.

சிக்கல் சராசரியில் இருக்கிறது. 2001 வரிசையில் உணவின் பங்கு நூற்றுக்கு 46. 2016 வரிசையில் அது 39. சாப்பாட்டுச் சாமான் மட்டும் நூற்றுக்கு 10 ஏறினால் குறியீடு சுமார் 4 ஏறும். கூலியில் அறுபது பங்கைச் சாப்பாட்டுக்கே கொடுக்கும் குடும்பத்துக்கோ 6 ஏறிவிடும். எண் பொய் சொல்லவில்லை. ஆனால், அது அந்தக் குடும்பத்தின் எண் அல்ல.

அதுமட்டுமா? ஊரில் இருக்கும் தாய் தந்தையருக்கு அனுப்பும் பணம் இந்தக் கூடையில் சேராது. அந்தப் பணத்தில் தாய் ஊர்க் கடையில் வாங்கும் அரிசியின் விலையையும் மும்பைக் குறியீடு பார்ப்பதில்லை. தொழிலாளியின் மிகப் பெரிய தாராளம் எந்தக் கணக்கிலும் ஏறாத தாராளம்!

கேட்டதால் திருந்திய எண்

எண் தவறானால் என்ன செய்வது? பம்பாய்த் தொழிலாளர்கள் அதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். கடையில் விலை ஏறுகிறது, குறியீடு அதற்கேற்ப ஏறவில்லை என்று 1963-ல் தொழிற்சங்கங்கள் குரல் எழுப்பின. மகாராஷ்டிர அரசு பொருளாதார அறிஞர் டி. டி. லக்டவாலா தலைமையில் நிபுணர் குழு அமைத்தது. பம்பாய்க் குறியீடு இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருக்கிறது என்று குழு கண்டது. குறியீடு மேல்நோக்கித் திருத்தப்பட்டது. காகிதத்தில் இருந்த ஓர் எண் திருந்தியதால் பல தொழிலாளர்களின் சம்பளக் கவரும் கனத்தது.

இந்த நேர்மை ஒரு பக்கத்து நேர்மையாக இருந்தால் போதாது. குடும்பச் செலவைக் கேட்க அலுவலர் வீடு தேடி வரும்போது, குடிக்குக் கொடுத்ததை மறைப்பவரும் உண்டு. வாங்காத பாலை வாங்கியதாகச் சொல்பவரும் உண்டு. கௌரவத்துக்காகச் சொல்லும் அந்தச் சின்னப் பொய்களும் கூடையில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. பல ஆண்டுகளுக்கு அந்தக் கூடையை வைத்துத்தான் விலை பார்க்கிறார்கள்.

பஞ்சப்படி முதலாளியின் தயவும் அல்ல, சர்க்காரின் தானமும் அல்ல. ஏறிய விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதுதான். மட்கா எண்ணுக்காகக் கனவையும் நாள் நட்சத்திரத்தையும் ஆராய்ந்தவர்கள் ஏராளம். அந்த நேரத்தில் பாதியைச் செலவிட்டு, இந்த மாதக் குறியீடு என்ன, சம்பளச் சீட்டில் படி அதற்கேற்ப ஏறியதா என்று பார்த்தால், நிச்சயமாகப் பலன் உண்டு. இந்த எண்ணுக்குப் பந்தயம் கட்ட வேண்டியதில்லை. கேள்வி கேட்டால் போதும்.