கனகாம்பரம்: பார்த்து வாங்குவோம், பயிர் செய்வோம்

மல்லிகைக்கு மணம் உண்டு. கனகாம்பரத்துக்கு மணம் இல்லை. ஆனாலும் பூக்கடையில் அதற்குத் தனி இடம் உண்டு. காரணம் அதன் நிறம். இன்னொரு காரணமும் உண்டு. கனகாம்பரம் சீக்கிரம் வாடாது. எடையும் குறைவு. எவ்வளவு சூடினாலும் தலைக்குப் பாரம் தெரியாது.

தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களில் இதை விற்பனைக்காகப் பயிர் செய்கிறார்கள். கோவாவிலும் மகாராஷ்டிரத்திலும் இதன் பெயர் ‘அபோலி’. அங்கும் பெண்கள் இதைத் தொடுத்துச் சூடுகிறார்கள்.

ஒரு கிலோ கனகாம்பரத்தில் எத்தனை பூ இருக்கும் தெரியுமா? சுமார் 15 ஆயிரம் பூ. ஒவ்வொரு பூவையும் கையால்தான் பறிக்க வேண்டும். இவ்வளவு பாடுபடும்போது செடி நல்ல செடியாக இருக்க வேண்டாமா? அதனால் பணம் கொடுக்கும் முன்பே செடியைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

செடி எப்படி இருக்கும்?

கனகாம்பரம் 2 முதல் 3 அடி உயரம் வளரும். இலை கரும்பச்சையாகப் பளபளக்கும். இலைகள் எதிரெதிராக இருக்கும். சில கணுக்களில் நான்கு இலைகள் சேர்ந்து இருக்கும். பூக்கள் பச்சைக் கதிரில் மலரும். அடியில் உள்ள பூ முதலில் மலரும். பிறகு மேலே உள்ளவை மலரும். பூவின் காம்புப் பகுதி மெல்லிய குழல் போல இருக்கும். இதழ் விசிறி போல ஒரு பக்கமாக விரியும்.

ஆடாதோடை, நிலவேம்பு, டிசம்பர் பூ ஆகியவை இதன் உறவுச் செடிகள். இவை எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் இலைகளும் எதிரெதிராகவே இருக்கும்.

விதையா? குச்சியா?

கனகாம்பரத்தில் ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு வகைகள் உண்டு. நாட்டு வகைகளில் விதை பிடிக்கும். காய்ந்த காயின் மேல் மழை பட்டால் அது ‘பட்’டென வெடிக்கும். விதை தெறித்து ஓடும். எனவே விதை வேண்டுமானால், மழைக்கு முன்பே காய்ந்த கதிர்களைப் பறித்து வையுங்கள்.

‘டெல்லி கனகாம்பரம்’ என்று ஒரு வகை உண்டு. இதன் பூ பெரியது. விளைச்சலும் அதிகம். ஆனால் இதில் விதை பிடிக்காது. குச்சி வைத்துத்தான் வளர்க்க வேண்டும். ஆகவே ‘டெல்லி விதை’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். நாற்றாக விற்றால் தாய்ச்செடியைக் காட்டச் சொல்லுங்கள். காய்ந்த கதிரைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே விதை இருந்தால் அது டெல்லி வகை அல்ல.

டெல்லி வகைக்கு நுனிக் குச்சியை வெட்டுங்கள். அதில் மூன்று நான்கு கணுக்கள் இருக்கட்டும். அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வையுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் நன்றாகப் பிடித்த பிறகு நிலத்தில் நடலாம்.

எப்படி நடுவது?

தண்ணீர் தேங்காத நிலம் வேண்டும். தண்ணீர் நின்றால் வேர் அழுகும். நன்றாக உழுது மக்கிய தொழு உரம் போடுங்கள். வரிசைக்கு வரிசை 2 அடி விடுங்கள். செடிக்குச் செடி 1 முதல் ஒன்றரை அடி விடுங்கள். கொஞ்சம் நிழல் இருந்தாலும் கனகாம்பரம் வளரும். நிலம் இல்லாதவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பத்துச் செடி வைக்கலாம்.

வேரைப் பாருங்கள்

கனகாம்பரத்துக்குப் பெரிய எதிரி மண்ணுக்குள் இருக்கிறது. அது நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது. வேரைத் தாக்கும். இலை மஞ்சளாகும், சிறுத்துப் போகும். செடி வளராமல் நிற்கும். பிறகு வாடல் நோயும் சேர்ந்து செடி சாகும்.

நாற்று வாங்கும்போது இலையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் நல்லது. கறுத்தோ முடிச்சு முடிச்சாகவோ இருந்தால் வாங்காதீர்கள். நோய் நாற்றோடு உங்கள் நிலத்துக்கு வந்துவிடும்.

நோய் கண்ட செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அதே இடத்தில் மறுபடியும் கனகாம்பரம் நடாதீர்கள். அங்கே செண்டுமல்லி நட்டால் நூற்புழு குறையும். மண்ணில் வேப்பம் பிண்ணாக்கு போடுவதும் நல்லது. சந்தேகம் இருந்தால் வாடிய செடியை வேரோடு எடுத்துக்கொண்டு தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுங்கள்.

பறிப்பும் விற்பனையும்

பூவை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கலாம். வெயில் ஏறும் முன்பு பறிப்பது நல்லது. பூத்து முடிந்த கதிர்களை வெட்டிவிட்டால் புதுக் கதிர் வரும். செடியைச் சரியாகக் கவனித்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் பூக்கும்.

பூவின் விலை நாளுக்கு நாள் மாறும். முகூர்த்த நாளில் ஏறும். மற்ற நாளில் இறங்கும். எனவே நடும் முன்பே பூச்சந்தைக்குப் போய் விலை கேளுங்கள். பறிக்கும் கூலியையும் கணக்கில் சேருங்கள். அதன் பிறகு எத்தனை செடி நடலாம் என்று முடிவு செய்யுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. டெல்லி கனகாம்பரத்தை ஏன் விதை போட்டு வளர்க்க முடியாது?
2. நாற்று வாங்கும்போது ஏன் வேரைப் பார்க்க வேண்டும்?
3. உங்கள் ஊரில் ஒரு கிலோ பூ பறிக்க என்ன கூலி? அது போதுமா?