எடைக்கு நீளம், திறமைக்கு வளைவு

விசைப்படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பாதங்களையும் ஒரே பலகையில் பூட்டி, பக்கவாட்டில் நின்றபடி நீர்மேல் சறுக்கும் விளையாட்டு வேக்போர்டிங். படகு தண்ணீரைக் கிழித்துப் போகும்போது இருபுறமும் அலை எழும் அல்லவா, அதில் ஏறித்தான் வீரர்கள் தாவுகிறார்கள், அந்தரத்தில் கரணம் அடிக்கிறார்கள். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவர், அதில் வரும் சாம்பியனின் பெயர் பொறித்த பலகையையே கேட்பார். கடைக்காரரும் மறுக்கமாட்டார். புதிதாகப் பழகுகிறவருக்கு அதைவிடப் பொருந்தாத பலகை அந்தக் கடையிலேயே இருக்காது.

இந்த விளையாட்டு பரவியதே, பலகை புதியவர்களுக்கு இணங்கி வந்த பிறகுதான். 1985-இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவைச் சேர்ந்த டோனி ஃபின், நீர்ச்சறுக்குக் கட்டையையும் அலைச்சறுக்குப் பலகையையும் கலந்து ‘ஸ்கர்ஃபர்’ என்ற பலகையைக் கொண்டுவந்தார். குறுகலான பலகை, மிதப்போ அதிகம். தண்ணீருக்குள் குந்தியபடி அதைக் காலால் அமுக்கிப் பிடிப்பதற்குள் நழுவி மேலே வந்துவிடும். உடல்வலுவும் பழக்கமும் உள்ளவர்களால்தான் எழுந்து நிற்க முடிந்தது. 1990-இல் ஹெர்ப் ஓ’பிரையன் ‘ஹைப்பர்லைட்’ பலகையை வெளியிட்டார். அது மெல்லியது, தானாக மூழ்காது, துள்ளி மேலெழவும் செய்யாது. அமுக்கினால் அமுங்கும். அதற்கப்புறம் சாதாரண ஆட்களும் எழுந்து நின்றார்கள். 1993-இல் ஜிம்மி ரெட்மன் முன்முனையும் பின்முனையும் ஒரே மாதிரி உள்ள பலகையை வடிவமைத்தார். எந்தக் கால் முன்னால் இருந்தாலும் ஓட்டலாம் என்றாயிற்று. இன்றைய பலகைகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை.

பலகை தேர்வில் முதலில் பார்க்கவேண்டியது உங்கள் உடல் எடை. உயரத்துக்கு இதில் வேலையே இல்லை. பலகைகள் ஏறக்குறைய 120 முதல் 147 செ.மீ. நீளம் வரை வருகின்றன. 60 கிலோ உள்ளவருக்கு 130 முதல் 135 செ.மீ., 75 கிலோவுக்கு 135 முதல் 140, 90-ஐத் தாண்டினால் 140-க்கு மேல் என்பது தோராயக் கணக்கு. துல்லியமான அட்டவணையை ஒவ்வொரு நிறுவனமும் தன் பலகையோடு தருகிறது. இரண்டு அளவுகளுக்கு நடுவே நீங்கள் விழுந்தால், பழகும் காலத்தில் பெரியதையே எடுங்கள். பரப்பு கூடுதலாக இருந்தால் பலகை குறைந்த வேகத்திலேயே நீரின்மேல் ஏறிவிடும். கயிற்றை இழுத்து இழுத்துக் கை சோர்ந்துபோகாது. சிறிய பலகை காற்றில் சுழல்வதற்குச் சுளுவானது. ஆனால் இன்னும் எழுந்து நிற்கவே வராதவருக்குச் சுழற்சி எதற்கு?

திறமை கணக்கில் வருவது அடுத்ததில்தான்: பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும் வளைவில். இதை ‘ராக்கர்’ என்பார்கள். ஒருவகைப் பலகை, முனையிலிருந்து முனை வரை மூன்றாம் பிறை போல ஒரே சீராக வளைந்திருக்கும். தண்ணீர் அதன் அடியில் தடையில்லாமல் வழுக்கிப் போவதால் வேகம் குறையாது, திரும்பும்போதும் முரண்டு பிடிக்காது. அலையில் ஏறினால் எவ்வளவு தூக்கும் என்பதை முன்கூட்டியே ஊகிக்கலாம். மற்ற வகையில் நடுப்பகுதி கிட்டத்தட்டத் தட்டை. இரு முனைகளும் சட்டென மேலே மடங்கும். அலையைத் தொடும் கணத்தில் அந்த மடிப்பு தண்ணீரை எதிர்த்து உதைப்பதால் ஆளை நேராக மேலே எறியும். அதற்கு விலையாக, ஓடும்போது தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும், வேகம் மட்டுப்படும். உயரம் தேடும் கைதேர்ந்தவருக்கு இது விருந்து. புதியவருக்கோ, எந்தத் திசையில் எறியப்போகிறது என்றே புரியாது. இரண்டுக்கும் இடைப்பட்ட கலப்பு வளைவும் கிடைக்கிறது. ஓரளவு பழகியவர்கள் அதை நாடுவது நியாயமே.

விளிம்பையும் தடவிப் பாருங்கள். கூரான விளிம்பு தண்ணீரை நன்றாகக் கவ்வும். கொஞ்சம் தவறாகச் சாய்ந்தால் அதே விளிம்பு தண்ணீருக்குள் மாட்டி, ஆளை முகங்குப்புற அறையும். வேக்போர்டிங்கில் மிகவும் வலிக்கும் விழுகை இதுதான். நடுப்பகுதி விளிம்பு உருண்டையாக உள்ள பலகை இந்தத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். அடியில் துடுப்புபோல் நீட்டியிருக்கும் ஃபின்கள் பலகை கோணாமல் நேராக ஓட உதவுபவை. கழற்றி மாட்டக்கூடிய ஃபின்கள் இருந்தால் நல்லது: பழகும்போது இருக்கட்டும், சுழலக் கற்றபின் கழற்றிவிடலாம். கால் பூட்டு விஷயத்தில், விரல் வெளியே தெரியும் திறந்த வகை பல பாத அளவுகளுக்கு ஒத்துவரும். எடை அதிகம் வேறுபடாவிட்டால், ஒரே பலகையை வீட்டில் நாலு பேரும் பகிர்ந்துகொள்ளலாம்.

எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்பதும் முக்கியம். ஜெர்மனியின் புரூனோ ரிக்ஸன் உருவாக்கிய கேபிள் முறையில் படகே கிடையாது. குளத்தைச் சுற்றி நட்ட கோபுரங்களில் ஓடும் கம்பிவடம் மணிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்தில் ஆளை இழுக்கிறது. சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் இது அமைக்கப்பட்டது. கேபிள் குளங்களில் அலை இருக்காது. தண்ணீரில் நிறுத்திய சறுக்குமேடைகளிலும் கம்பங்களிலும் பலகை உராயும். அதற்கென்று கெட்டியான அடித்தளமும் வளைந்து கொடுக்கும் உடலும் கொண்ட பலகைகள் தனியே உள்ளன. படகுக்கான பலகையை அங்கே கொண்டுபோனால் அடிப்பாகம் சீக்கிரமே கீறலாகிவிடும்.

முதலில் சில தடவை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். உயிர்காப்பு உடுப்பும் தலைக்கவசமும் இல்லாமல் இறங்காதீர்கள். பிறகு வாங்கலாம். பழைய பலகை வாங்குவதானால், கால் பூட்டைக் கழற்றித் திருகுத் துளைகள் தேய்ந்திருக்கின்றனவா, விளிம்பில் வெடிப்பு விட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.