புல்லுக்கு அடியில் ஒரு முகம்

கேன்வாஸ் வாங்கக் காசில்லைன்னா ஓவியர் என்ன செய்வார்? பழைய படத்து மேலேயே புதுசா வரைஞ்சிடுவார். வான்கோ இதை அடிக்கடி செஞ்சிருக்கார். 1887இல் பாரிஸில் அவர் வரைந்த ஒரு புல்வெளி, இப்போ நெதர்லாந்தின் க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கு. சாதாரண எக்ஸ்ரேயில் புல்லுக்கு அடியில் மங்கலா ஒரு தலை. யாருன்னு தெரியல. சுரண்டிப் பார்க்கலாமேன்னா, புல் போயிடும். அதுவும் வான்கோதானே!

யோரிஸ் டிக், கோன் யான்சென்ஸ் குழு படத்தை ஜெர்மனிக்கு, ஹாம்பர்க்கில் இருக்கும் டெசி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனாங்க. மெல்லிய எக்ஸ்ரே கற்றையால், 17.5 செ.மீ. சதுரத்தைப் புள்ளி புள்ளியா ரெண்டு நாள் வருடினாங்க. கற்றை பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ்ரேயைத் திருப்பி அனுப்பும். அதை வெச்சு ஒவ்வொண்ணுக்கும் தனி மேப் போடலாம். பாதரசம் தெரிஞ்ச இடத்தில் வெர்மிலியன் சிவப்பு. சித்த மருத்துவத்தில் லிங்கம்னு சொல்றோமே, அதே பொருள். அதுதான் உதடு. ஆன்டிமனி தெரிஞ்ச இடத்தில் நேப்பிள்ஸ் மஞ்சள். முகத்தில் வெளிச்சம் விழுந்த பகுதி.

ரெண்டையும் சேர்த்தா ஒரு விவசாயப் பெண். பாரிஸ் வரும் முன்னே, நூனென் கிராமத்தில் 1884-85 குளிர்காலத்தில் அவர் வரைஞ்ச முகங்களோட சாயல்.

2008இல் வெளியான அந்த வண்ணப் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்தேன். நிறங்கள் தோராயம்தான். ஆனா அந்தக் கண்ணு நம்மளையே பார்க்குது. அருங்காட்சியகத்துக்குப் போனா நீங்க பார்க்கப்போறது இன்னும் புல்லுதான்.