உங்கள் மகள் ஓடுகிறாளா?



கண்டியிலிருந்து தலாத்துஓயா தாண்டி ஹேவாஹெட்டவுக்கு ஏறும் வீதியில் அதிகாலையில் பஸ்ஸில் வந்திருக்கிறீர்களா? பனி விலகாத ஒரு வளைவில், விளையாட்டுச் சப்பாத்தோடு ஒரு பிள்ளை மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருப்பாள். அவள் உங்கள் மகளாகவே இருக்கலாம். சுபஹு தொழுததும் நீளக் கால்சட்டையும் முக்காடுமாக இறங்கிப் போகிறாள். 1500 மீற்றரிலும் 3000 மீற்றரிலும் பாடசாலையில் முதலிடம்; அடுத்தது மாகாணப் போட்டி. அயலவர் சிலர் முணுமுணுத்தாலும் நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நல்லது. அவளை நிறுத்தச் சொல்ல நான் வரவில்லை.

ஒரே ஒரு கேள்விதான். உங்கள் மகள் கடைசியாக எப்போது தொழுகை விட்டாள்?

நம் வீடுகளில் வயதுக்கு வந்த மகளின் மாதவிடாய் தாய்க்குத் தெரியாமல் போவதில்லை. தொழாத நாட்களே காட்டிக்கொடுத்துவிடும். ரமழானில் கழா நோன்புக் கணக்கு வேறு இருக்கிறது. பயிற்றுவிப்பாளருக்கு இது தெரியாது. அவர் ஆணாக இருந்தால் கேட்கவும் மாட்டார், அவள் சொல்லவும் மாட்டாள். கடும் பயிற்சி செய்யும் பிள்ளை மூன்று மாதமாக ஒரு வக்தும் விடாமல் தொழுகிறாள் என்றால், அதைப் பேணுதல் என்று மட்டும் எண்ணிப் பூரித்துப் போகாதீர்கள்.

அமெரிக்காவில் மேரி கெயின் என்றொரு பெண். 2013இல் மொஸ்கோவில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் இறுதி ஓட்டம் வரை வந்தபோது அவளுக்கு வயது 17. அடுத்த ஆண்டு 3000 மீற்றரில் உலகக் கனிஷ்ட சம்பியன். பெயர் பெற்ற பயிற்றுவிப்பாளரான அல்பர்டோ சலசார் அவளைத் தம் குழுவில் சேர்த்திருந்தார். பின்னர் அவள் பின்தங்கிப் போனாள். ஏன் என்பதை 2019 நவம்பரில் அவளே நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை வழியாக உலகுக்குச் சொன்னாள். எடையை 114 இறாத்தலுக்குக் குறைக்கும்படி நெருக்கினார்களாம். மூன்று ஆண்டுகள் மாதவிடாய் வரவில்லை. ஐந்து எலும்புகள் முறிந்தன. விழுந்து முறியவில்லை, சகோதரியே, ஓடி ஓடி முறிந்தவை!

ஒவ்வொரு ஓட்டத்திலும் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. ஓய்வு நேரத்தில் உடல் அவற்றைச் சரிசெய்து, முன்னைவிடப் பலமாக்கிவிடும். ஓய்வு போதாவிட்டால் பழுது சேர்ந்து கீறலாகிறது. உணவும் போதாவிட்டாலோ, உடல் சிக்கனம் பிடிக்கத் தொடங்கி முதலில் மாதவிடாயை நிறுத்திவிடும். அதோடு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பைக் காப்பதில் அதற்குப் பெரும் பங்கு. பருவ வயதில் சேர வேண்டிய எலும்புப் பலம் சேராமல் போனால், பிற்காலத்தில் முழுதாக ஈடுகட்டுவது கடினம். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இந்தச் சக்திப் பற்றாக்குறைக்குத் தனிப் பெயரே சூட்டியது. ஆண்களும் இதற்குத் தப்புவதில்லை.

அனுபவசாலிகளையும் எலும்பு விட்டுவைப்பதில்லை. பிரித்தானியாவின் போலா ரட்கிளிஃப் 2003இல் லண்டனில் நிலைநாட்டிய மரதன் சாதனை 16 ஆண்டுகள் நிலைத்தது. அப்பேர்ப்பட்டவருக்கு 2008இல் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்கள் முன்பு தொடை எலும்பில் இத்தகைய கீறல். பீஜிங்கில் ஓடத்தான் செய்தார். கிடைத்தது 23ஆம் இடம்.

நம் மலைப் பாதைகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்; ஆனால் கணைக்காலுக்கு அடி அதிகம் விழுவது இறக்கத்தில்தான். மகள் காலைப் பிடித்துக்கொண்டு வந்தால், எங்கே நோகிறது என்று ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பரவலான நோவு என்றால் பெரும்பாலும் தசைப்பிடிப்பு. எலும்பின் மேல் ஒரே புள்ளியைக் காட்டினால், அதுவும் இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எண்ணெய் தடவிக் காத்திருக்க வேண்டாம். தூக்கம் கெடுவது, எரிச்சல், அடிக்கடி தடிமன், காலையில் எழும்போதே நாடி வேகமாக அடிப்பது, இவ்வளவு பாடுபட்டும் நேரம் குறையாதது, இவையெல்லாம் பயிற்சி மிஞ்சிவிட்டதைச் சொல்லக்கூடியவை. அந்த வேளையில் "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்" என்று தூண்டாதீர்கள்.

சாப்பாடு உங்கள் கையில். ஓடும் பிள்ளைக்குச் சோறு குறைக்கக் கூடாது. முட்டை, நெத்தலி, பால், ஈரல், கீரை, பருப்பு எல்லாம் வேண்டும். இரத்தச் சோகையும் ஓட்டத்தைக் கெடுக்கும். சாப்பாட்டோடு பிளேன்டீ குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். (1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் ஹேவாஹெட்டப் பக்கம்தான் இருக்கிறது. அந்த மண்ணில் நின்று தேநீரையே விடச் சொல்ல எனக்குத் துணிவில்லை!) நோன்பு காலத்தில் கடும் பயிற்சியைக் குறைத்து, இருப்பதையும் இஃப்தாருக்குப் பின்பு வைத்துக்கொள்ளும்படி பயிற்றுவிப்பாளரிடம் வாப்பாவைப் பேசச் சொல்லுங்கள்.

டொக்டரிடம் போகும்போது ஒன்றை மறக்காதீர்கள். இத்தகைய கீறல் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. "படத்தில் ஒன்றுமில்லை" என்றதும் மறுநாளே மைதானத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். வலி நீடித்தால் மீண்டும் படம் எடுக்கவோ எம்.ஆர்.ஐ. செய்யவோ வேண்டுமா என்று கேளுங்கள். கீறல்தான் என்றால் ஆறு முதல் எட்டு வாரம், சில இடங்களில் அதற்கு மேலும், ஓட்டத்தை விட நேரும். மாகாணப் போட்டி கை நழுவலாம்; பிள்ளை அழுவாள்.

காலைக் காட்டப் போன இடத்தில் மாதவிடாய்ப் பேச்சு எதற்கு என்று மகள் வெட்கப்படுவாள். நீங்கள் வெட்கப்படாதீர்கள். இத்தனை மாதமாக வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பதினைந்து வயதாகியும் பருவமடையாத பிள்ளை என்றால் அதையும் சொல்லுங்கள். கால் வலியை மட்டும் கேட்ட டொக்டர் காலை மட்டுமே பார்ப்பார்.