கட்சிக்காரரின் பணமும் வழக்கறிஞரின் மௌனமும்

விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்கிறார். எதிர்த்தரப்பும் பணம் கொடுக்க ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்தப் பணம் நேராக அவர் கைக்கு வருவதில்லை. முதலில் அவருடைய வழக்கறிஞரின் கணக்கிற்குப் போகிறது. வழக்கறிஞர் தமது கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தப் பெண் யாரிடம் போய் முறையிடுவது?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வழக்கறிஞர் தொழிலையே உலுக்கிய கேள்வி இது.

2018 அக்டோபர் 29ஆம் தேதி ஜக்கார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானம் ஜாவா கடலில் விழுந்து 189 பேர் மாண்டதை நம் வட்டாரத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாண்டவர்களில் சிலரின் குடும்பங்களுக்காக, விமானத்தைத் தயாரித்த போயிங் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் லாஸ் ஏஞ்சல்ஸ் வழக்கறிஞர் டாம் ஜிரார்டி. அவர் சாதாரண ஆள் அல்லர். 'எரின் புரோக்கோவிச்' என்ற திரைப்படத்திற்குக் கருவாக அமைந்த நிலத்தடி நீர் மாசு வழக்கில், 1996ஆம் ஆண்டு 33 கோடியே 30 லட்சம் டாலர் இழப்பீடு பெற்றுத் தந்த வழக்கறிஞர்களில் அவரும் ஒருவர்.

அப்படிப்பட்டவரின் கைக்கு வந்த லயன் ஏர் இழப்பீட்டில் குறைந்தது 20 லட்சம் டாலர் உரிய குடும்பங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பது, 2020 டிசம்பரில் சிகாகோ கூட்டரசு நீதிமன்றத்தில் அம்பலமானது. நீதிபதி அவருடைய சொத்துகளை முடக்கினார்.

தோண்டத் தோண்ட வேறு கதைகளும் வெளிவந்தன. எரிவாயு வெடிப்பில் கருகிய ஒருவருக்குக் கிடைத்த இழப்பீடு 5 கோடியே 30 லட்சம் டாலர். அவருடைய குடும்பத்திடம் ஜிரார்டி சொன்ன கணக்கோ வெறும் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலர். 2022ஆம் ஆண்டு அவருடைய உரிமம் பறிக்கப்பட்டது. கட்சிக்காரர்களின் பணம் 1 கோடியே 50 லட்சம் டாலருக்கும் மேல் சுருட்டியதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2024 ஆகஸ்டில் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 2025 ஜூனில், 86ஆவது வயதில், 7 ஆண்டு 3 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

205 புகார்கள்

இதைவிட அதிர்ச்சியான செய்தி ஒன்று உண்டு. நாற்பது ஆண்டுகளில் அவர் மீது மாநில வழக்கறிஞர் மன்றத்தில் 205 புகார்கள் பதிவாகியிருந்தன. அத்தனை காலமும் அவர் தொழில் செய்துகொண்டுதான் இருந்தார். மன்றத்தின் ஊழியர்கள் சிலருக்கு அவர் விருந்தும் பரிசும் கொடுத்து நெருக்கம் வளர்த்தார் என்று 2023 மார்ச்சில் வெளியான விசாரணை அறிக்கை கூறியது.

சக வழக்கறிஞர்களின் நிலை என்ன? ஒரு வழக்கறிஞரின் மோசடி தெரிந்தால் மற்றொரு வழக்கறிஞர் அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி மற்ற மாநிலங்களில் இருந்தது. கலிபோர்னியாவில் இல்லை. வாய் திறக்காமல் இருப்பது அங்கே குற்றமாகக் கருதப்படவில்லை.

மாறிய விதிகள்

2023 ஆகஸ்ட் 1 முதல் அந்த நிலை மாறியது. சக வழக்கறிஞர் குற்றச்செயலிலோ, ஏமாற்று வேலையிலோ, பணக் கையாடலிலோ ஈடுபட்டதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடைத்து, அவருடைய நேர்மையின் மீதே பெரிய கேள்வி எழுமானால், தாமதமின்றித் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காதவர் மீதே ஒழுங்கு நடவடிக்கை பாயலாம்.

அதே ஆண்டு ஜனவரி முதல் பணத்திற்கும் கெடு வந்தது. கட்சிக்காரருக்குரிய தொகை கைக்கு வந்தால் 14 நாட்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். தகராறு இல்லாத தொகையை 45 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். தக்க காரணமிருந்தால் மட்டுமே விலக்கு. மேலும், கட்சிக்காரர் பணத்தை வைத்திருக்கும் கணக்குகளை வழக்கறிஞர்கள் ஆண்டுதோறும் மன்றத்தில் பதிவு செய்து, விதிகளைப் பின்பற்றுவதாக உறுதிமொழியும் தர வேண்டும்.

வழக்கறிஞர்களின் சங்கடம்

நேர்மையான வழக்கறிஞர்களுக்கும் இதில் சங்கடம் உண்டு. கட்சிக்காரர் சொன்ன இரகசியத்தைக் காப்பது அவர்களுடைய முதல் கடமை. அப்படி அறிந்த தகவலைத் தெரிவிக்கத் தேவையில்லை என்று புதிய விதியே விலக்களிக்கிறது. ஆனால் எது இரகசியம், எது ஆதாரம் என்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று. ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் இளையவர் தம் முதலாளியைப் பற்றிப் புகார் கொடுத்தால், வேலை நிலைக்குமா என்ற பயமும் இருக்கும்.

பகையைத் தீர்த்துக்கொள்ள இவ்விதி பயன்படுமே என்று கேட்பவர்களும் உண்டு. தீய நோக்கத்தோடு தெரிந்தே பொய்ப்புகார் கொடுப்பது அங்கே குற்றம். 'புகார் கொடுத்துவிடுவேன்' என்று மிரட்டி உரிமை வழக்கில் ஆதாயம் தேடுவதற்கும் தடை இருக்கிறது.

பறிகொடுத்தவர்களுக்காக வழக்கறிஞர்களின் கட்டணத்திலிருந்து நடத்தப்படும் ஈட்டு நிதி ஒன்று உண்டு. ஆனால் ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் 1 லட்சம் டாலர்தான் கிடைக்கும். இலட்சக்கணக்கில் இழந்த குடும்பத்திற்கு அது எம்மாத்திரம்? பணம் போன பிறகு ஈடு கட்டுவதைவிட, போகும் முன்னே ஒருவர் வாய் திறப்பதே மேல். அதனால்தான் வழக்கறிஞர் வாய் திறப்பதை அந்த மாநிலம் இப்போது கடமையாக்கியிருக்கிறது.

கட்சிக்காரருக்கும் ஒரு கடமை உண்டு. எவ்வளவு வந்தது, எப்போது வந்தது, கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கத் தயங்கக்கூடாது. நல்ல வழக்கறிஞர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.