வடக்கா, தெற்கா? மேரிலாந்தில் ஒரு வீட்டு வழக்கு

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் என் அக்கா குடும்பம் இருக்கிறது. சென்ற விடுமுறையில் அங்கே போயிருந்தபோது, வழியில் ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். பொரித்த கோழியும் சர்க்கரை தூக்கலாகப் போட்ட ஐஸ் டீயும் வந்தன. தென் மாநிலச் சாப்பாடு என்று எங்கோ படித்த நினைவில், "அப்படியானால் நீங்கள் எல்லாரும் தெற்கத்திக்காரர்களா?" என்று சும்மா கேட்டுவைத்தேன்.

அக்கா மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. பதினைந்து வயது, பிறந்து வளர்ந்தது அங்கேதான். "இல்ல மாமா, நாங்க வடக்கு. உள்நாட்டுப் போர்ல லிங்கன் பக்கம் நின்னவங்க" என்றாள். அத்தான் விடவில்லை. "மக்கள்தொகைக் கணக்கெடுப்புல நம்ம மாநிலத்தத் தெற்குலதாம்மா சேர்த்திருக்காங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அக்கா மட்டும் நடுநிலை: "நண்டு கிடைக்குது, கோயில் இருக்கு. வடக்கா இருந்தா என்ன, தெற்கா இருந்தா என்ன?" லேன்ஹம் நகரில் உள்ள சிவா விஷ்ணு கோயிலைத்தான் சொன்னார்.

பேராக் வட மாநிலமா இல்லையா என்று ஈப்போ நண்பர்களோடு நாமும் வாதாடுவதுண்டு. ஆனால் அதில் யாருக்கும் முகம் சிவப்பதில்லை. இங்கே ஏன் சிவக்கிறது என்று எனக்குக் குறுகுறுத்தது.

மேரிலாந்துக்கும் அதன் வடக்கே உள்ள பென்சில்வேனியாவுக்கும் நடுவில் ஓடுவதுதான் புகழ்பெற்ற மேசன் டிக்சன் கோடு. இரண்டு நிலப்பிரபுக் குடும்பங்களின் எல்லைத் தகராறைத் தீர்க்க, 1763 முதல் 1767 வரை இரண்டு ஆங்கிலேயர்கள் அளந்து போட்டது. மைலுக்கு ஒரு கல் நட்டார்கள். ஐந்து மைலுக்கு ஒரு கல்லில் ஒரு பக்கம் ஒரு குடும்பத்தின் சின்னம், மறுபக்கம் மற்றதன் சின்னம். வெறும் வேலித் தகராறு. 1780இல் பென்சில்வேனியா அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் போட்டதும் அதே கோட்டுக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. கோட்டுக்குத் தெற்கே மனிதனை விற்கலாம், வாங்கலாம்.

மேரிலாந்துக்கு உள்ளேயும் ஒரு கோடு இருந்தது. தெற்கிலும் கிழக்குக் கரையிலும் அடிமைகளின் உழைப்பில் வளர்ந்த புகையிலை நிலங்கள். வடக்கிலும் மேற்கிலும் கோதுமை வயல்கள், பால்டிமோர் துறைமுகம், தொழிற்சாலைகள். 1860 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் அடிமைகள் 87,000 பேருக்குச் சற்று அதிகம். சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்களோ ஏறக்குறைய 84,000 பேர். ஒரே தெருவில் ஒருவர் கூலி வாங்குவார், இன்னொருவரை ஏலத்தில் விடுவார்கள்.

போர் வந்தபோது மாநிலம் பிரிந்து போகவில்லை. அதற்காக மனமுவந்து லிங்கன் பக்கம் நின்றது என்று சொல்லிவிட முடியாது. 1861 ஏப்ரல் 19ஆம் தேதி பால்டிமோர் வழியாகப் போன வட மாநிலப் படைமீது நகரத்துக் கூட்டம் கல்லெறிந்தது. இரு பக்கமும் உயிர்கள் போயின. அதன் பிறகு கூட்டரசுப் படை வந்து நகரத்தில் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கலவரத்தின் சூட்டில் லிங்கனைத் திட்டி எழுதிய ஒரு கவிதைதான் 1939இல் மேரிலாந்தின் மாநிலப் பாடலானது. அதை நீக்கியது எப்போது தெரியுமா? 2021இல். 1862இல் வர்ஜீனியாவின் ஃபிரண்ட் ராயல் என்ற ஊரில் 'முதலாம் மேரிலாந்து' என்று பெயர் வைத்துக்கொண்ட இரண்டு படைகள் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டன. அத்தானும் மருமகளும் வாதாடியது எனக்கு அதன் வீட்டுப் பதிப்பாகத்தான் பட்டது.

மறுநாள் நான்தான் கெஞ்சி எல்லாரையும் கிழக்குக் கரைக்குக் கிளப்பினேன். செசபீக் விரிகுடாவின் நீண்ட பாலத்தைத் தாண்டினால் நிலமே மாறிவிடுகிறது. தட்டையான வயல், சதுப்பு, பைன் மரம். அடிமையாகப் பிறந்து 1849இல் தப்பியோடி, பிறகு பதின்மூன்று முறை போலத் திரும்பி வந்து எழுபது பேரளவில் மீட்டுக்கொண்டு போன ஹேரியட் டப்மன் பிறந்த வட்டாரம் இது. சர்ச் கிரீக் என்ற சிற்றூரில் அவர் பெயரில் ஒரு நினைவு மையம் இருக்கிறது. வெளியே சதுப்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரவில், இந்தச் சேற்றில், கைக்குழந்தையோடு நடந்தவர்களுக்கு வடக்கு என்பது கலாசாரம் அல்ல. போய்ச் சேர வேண்டிய இடம். அவர்கள் எங்கிருந்து ஓடினார்களோ அந்த இடம் தெற்கு. அவர்களைக் கேட்டிருந்தால் இந்த வழக்கு ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

திரும்பும் வழியில் மருமகள் அமைதியாக வந்தாள். பிறகு, "1863லயே லிங்கன் எல்லாரையும் விடுதலை பண்ணிட்டாரே மாமா?" என்றாள். இல்லை. லிங்கனின் அந்தப் பிரகடனம் கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கு மட்டுமே. பிரிந்து போகாத மேரிலாந்தில் அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். 1864 அக்டோபரில் புதிய அரசியல் சாசனத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. உள்ளூரில் எண்ணியபோது அது தோற்கும் நிலை. முகாம்களில் இருந்த படைவீரர்களின் வாக்குகள் வந்து சேர்ந்த பிறகு கணக்கு இப்படி: ஆதரவாக 30,174, எதிராக 29,799. நவம்பர் முதல் தேதி அடிமை முறை ஒழிந்தது.

அவள் கைப்பேசியை எடுத்துக் கழித்துப் பார்த்தாள்.

"375தானா? எங்க ஸ்கூல்ல என் கிரேட்ல படிக்கிற பிள்ளைங்களே அதவிட அதிகம், மாமா."

அத்தான் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். பாலம் வரும்வரை யாரும் வடக்கு, தெற்கு என்று பேசவில்லை.