அப்பாவையும் உள்ளே கூப்பிடுங்கள்

ஜெர்மனியின் ட்ரியர் நகரில் 1928 ஜனவரி 1 அன்று ஆன் என்ற பெண் குழந்தை பிறந்தாள். அவளுக்கு டவுன் சிண்ட்ரோம். அப்பா பிரெஞ்சு ராணுவ அதிகாரி. பின்னாளில் பிரான்சின் அதிபரான சார்ல் தெ கோல். அந்தக் காலத்தில் இப்படிப் பிறந்த குழந்தைகளை எங்காவது விடுதியில் விட்டுவிட்டு, அதைப் பற்றிப் பேச்சே எடுக்காத குடும்பங்கள் ஏராளம். தெ கோலும் மனைவி இவோனும் மகளைத் தங்களோடேயே வளர்த்தார்கள். 1934-ல் கொலம்பே கிராமத்தில் அவர்கள் வீடு வாங்கியதற்கு, அவளுக்கு அமைதியான இடம் வேண்டும் என்பதும் ஒரு முக்கியக் காரணம்.

வெளியுலகில் விறைப்புக்குப் பெயர்போன அந்த மனிதர், வீட்டில் மகளுக்காகப் பாடுவார், தொடையில் தட்டித் தாளம் போட்டு ஆடுவார், ராணுவத் தொப்பியை அவள் கையில் விளையாடக் கொடுப்பார். ஆன் 1948 பிப்ரவரியில், 20 வயதில், நிமோனியாவால் இறந்தாள். அவள் பெயரில் பெற்றோர் தொடங்கிய அறக்கட்டளை இன்றும் இயங்குகிறது.

மகளின் நிலைக்கு என்ன காரணம் என்பது அவள் வாழ்ந்த காலத்தில் எந்த மருத்துவருக்கும் தெரியாது. 1959-ல்தான் ஜெரோம் லெஜோன், மார்த் கோத்தியே, ரெமோன் துர்ப்பேன் ஆகிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் விடையை வெளியிட்டார்கள். நம் உயிரணுக்களில் 21-ஆம் எண் குரோமோசோம் இரண்டு இருக்கும், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மூன்று.

அந்த மூன்றாவது எங்கிருந்து வருகிறது? சுமார் 90 சதவீதம் பேருக்குக் கருமுட்டை வழியாக. சிறு பங்கினருக்கு விந்தணு வழியாக. இதைக் கேட்டதும் "அப்படியானால் அம்மாவால்தானே?" என்று முடிவு கட்டுவது தவறு. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, பிரியும் வேலையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, பல ஆண்டுகள் காத்திருக்கின்றன. வேலை மறுபடி தொடங்கும்போது ஒரு ஜோடி பிரியாமல் போய்விடலாம். வயது கூடக் கூட இந்த வாய்ப்பு கூடும். ஆனால் இளம் தாய்மார்களுக்கும் இது நேர்கிறது. அவள் சாப்பிட்டதோ, வேலைக்குப் போனதோ, கிரகணத்தன்று வெளியே வந்ததோ இதற்குக் காரணம் இல்லை. இன்னொரு வகையும் உண்டு: 21-ஆம் குரோமோசோம் வேறொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நிலை. நூற்றில் மூன்று நான்கு பேருக்கு இந்த வகை. அப்போது தாய், தந்தை இருவருக்குமே ரத்தப் பரிசோதனை அவசியம். அப்பாவும் அதைச் சுமப்பவராக இருக்கலாம்.

தந்தையின் முதல் பொறுப்பு இங்கேயே தொடங்குகிறது. பிரசவித்தவள் வார்டில் படுத்திருக்க, மருத்துவர் பெரும்பாலும் அவரைத்தான் வராந்தாவுக்கு அழைத்துச் செய்தி சொல்கிறார். "எங்கள் பரம்பரையில் இப்படி இல்லையே" என்று வீட்டில் யாராவது ஆரம்பிக்கும்போது, "இதில் அவள் தப்பு எதுவும் இல்லை" என்று முதலில் சொல்லவேண்டிய வாய் கணவனுடையது. மருமகள் சொன்னால் எடுபடாத இடத்தில் மகன் சொன்னால் எடுபடும்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலப் பதிவுகளைக் கொண்டு 2007-ல் வெளியான ஓர் ஆய்வு, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடையே விவாகரத்து மற்றவர்களைவிடக் குறைவு என்று காட்டியது. ஆனால் பிரிந்தவர்களை மட்டும் பார்த்தால், குழந்தை பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் பிரிந்தவர்களின் பங்கு மற்றக் குடும்பங்களைவிடக் கூடுதல். இடிந்து நிற்கும் அந்த நாட்களில் தம்பதி இருவருக்கும் துணை வேண்டும். நம் ஊரில் தாய்க்கு அவளுடைய அம்மாவாவது பக்கத்தில் இருப்பார். தகப்பனிடம் "நீ தைரியமா இருப்பா" என்று சொல்வதோடு எல்லோரும் முடித்துக்கொள்கிறோம்.

விளையாட்டைப் பற்றியும் ஓர் ஆய்வு 2008-ல் வந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள, சுமார் மூன்று வயதான 19 குழந்தைகளைத் தனியாகவும் அப்பாவோடும் விளையாடவிட்டுப் பார்த்தார்கள். அப்பா கூட உட்கார்ந்தபோது, பொருட்களைத் தொட்டு, திருப்பி, தட்டிப் பார்த்து ஆராயும் விளையாட்டு கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும், தகப்பன் தரையில் உட்காரும் நேரம் குழந்தைக்கு வீண்பொழுது இல்லை என்பதற்கு அது சான்று.

விளையாட்டோடு, அன்றாட வேலைகளையும் அப்பா கற்றுக்கொடுக்கலாம். சட்டைப் பொத்தானையே எடுத்துக்கொள்வோம். இந்தக் குழந்தைகளுக்குத் தசை தளர்வாகவும் விரல்கள் குட்டையாகவும் இருக்கும். பொத்தான் போடுவது பெரிய வேலை. அவசரத்தில் நாமே போட்டுவிட்டால் பிள்ளை கற்றுக்கொள்ளாது. பயிற்சியாளர்கள் கடைசிப் படியிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். பெரிய பொத்தானாக வைத்துத் தைத்த சட்டையில், பாதிவரை பொத்தானை அப்பா நுழைத்துவிட வேண்டும். மீதியைப் பிள்ளை இழுக்கட்டும். வேலையை முடித்த சந்தோஷம் பிள்ளைக்கு. அது கைவந்ததும், அதற்கு முந்தைய படியையும் பிள்ளையிடம் விடலாம். காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது இவர்கள் மனதில் நன்றாகப் பதியும். அதனால் சொல்வதைவிடச் செய்துகாட்டுவது மேல். ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். உடனே அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது.

தகப்பன்களுக்குப் பிடித்த முரட்டு விளையாட்டில் மட்டும் ஓர் எச்சரிக்கை. சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகளுக்கிடையே பிடிமானம் தளர்ந்திருக்கும். குட்டிக்கரணம் போல கழுத்தில் பாரம் விழும் விளையாட்டுகளுக்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்தவுடன் இதயத்துக்கு எக்கோ, பிறகு காது, கண், ஆண்டுதோறும் தைராய்டு என்று பரிசோதனைப் பட்டியல் நீளம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருப்பதால் முதல் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

இதய அறுவை சிகிச்சையும் மற்ற மருத்துவமும் வளர்ந்ததால், அமெரிக்காவில் 1983-ல் 25 ஆண்டாக இருந்த இவர்களின் சராசரி ஆயுள் இன்று 60-ஐத் தொடுகிறது. அதாவது, ஓய்வூதியம் வாங்கும் அப்பாவோடு 40 வயது மகன் இருப்பது இனி சாதாரணமாகிவிடும். அதற்கேற்ப ஏற்பாடுகள் வேண்டும். நம் நாட்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ன்படி, அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு 18 வயதுக்குப் பிறகு தேவைப்பட்டால் சட்டப்படியான காப்பாளரை மாவட்ட அளவிலான குழு நியமிக்கும். இதை அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள் சேர்ந்து உட்கார்ந்து முன்கூட்டியே பேசிவிட வேண்டும். மகனோ மகளோ என்ன விரும்புகிறார் என்பதையும் கேட்க வேண்டும்.

மருத்துவமனைகளும் பயிற்சி மையங்களும் மாற வேண்டும். வேலைநாள் காலையில் மட்டும் நேரம் கொடுத்தால் தினக்கூலிக்குப் போகும் தகப்பன் எப்படி வருவார்? வாரம் ஒருநாள் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையோ பயிற்சி நடத்தலாம். வெளியே காத்திருக்கும் அப்பாவை உள்ளே கூப்பிட்டு, பயிற்சியை அவர் கையாலும் ஒருமுறை செய்யவைக்கலாம். மாதம் ஒருமுறை அப்பாக்கள் மட்டும் கூடிப் பேச ஓர் அறை ஒதுக்கலாம். இதற்கெல்லாம் புது இயந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பணம் கட்டுவதும் வண்டி ஓட்டுவதும் மட்டுமே அப்பாவின் வேலை என்ற எண்ணத்தை விட்டால், அந்தக் குழந்தைக்கு வீட்டிலேயே இன்னொரு ஆசான் கிடைப்பார்; தாய்க்கும் சற்று ஓய்வு கிடைக்கும்.